சிதைந்த சாசனமும் துணைநின்ற பொறியும்

கல்மேல் எழுத்து என்பது நிலைபேற்றிற்கு நம்மவர் எடுத்தாளும் உவமை. ஆயினும் கல்லும் உடையும். மழையாலும் உப்புக்காற்றாலும் தேயும். பிற்காலத்தார் கையில் அகப்பட்டுப் படிக்கல்லாகவும் சுவர்க்கல்லாகவும் துண்டுபடும். கிரேக்க நாட்டுப் பழஞ்சாசனங்களின் நிலை இதுவே. முழுமையாய்க் கிடைத்தன சில. தலையோ கடையோ நடுவோ சிதைந்து கிடைத்தன பல. சிதைந்த இடத்தில் இன்ன எழுத்து இருந்தது எனத் துணிந்து நிரப்புதல் கல்வெட்டறிஞரின் அருந்தொழில். அத்தொழிலில், செயற்கை நுண்ணறிவு எனப்படும் பொறியறிவு இப்போது அவரோடு ஒரே பலகையில் அமர்ந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றது. மனிதர் தனித்துச் செய்தது எவ்வளவு, பொறி தனித்துச் செய்தது எவ்வளவு, இருவருங் கூடிச் செய்தது எவ்வளவு என்று அளந்து பார்த்த கணக்கும் வெளிவந்துளது. தமிழ் பயிலும் மாணவராகிய யாம் இதனை ஈண்டு ஆராயப் புகுந்தது எற்றுக்கெனின், நம் கல்வியும் ஏட்டையும் கல்லையும் பற்றியே நிற்றலின், இன்று கிரேக்கத்திற்கு நேர்ந்தது நாளை நம் மேசைக்கும் வருமாதலின் என்க.

முதற்கண் மனிதர் இத்தொழிலை எங்ஙனஞ் செய்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும். கிரேக்கர் பண்டைச் சாசனங்களிற் சொற்களைப் பிரித்து வெட்டும் வழக்கம் பெரிதும் இல்லை. எழுத்துக்கள் ஒன்றையொன்று தொடர்ந்தே செல்லும். ஆனால் ஏதென்ஸ் நகரத்துச் சாசனங்கள் பலவற்றில் ஒரு நல்ல ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு வரியிலும் எழுத்துக்கள் எண்ணளவில் ஒத்திருக்கும். மேல்வரி எழுத்தின் நேர்கீழே கீழ்வரி எழுத்து நிற்கும். பார்வைக்குச் சதுரங்கக் கட்டம்போல விளங்கும். எனவே உடைந்துபோன பகுதியில் இத்தனை எழுத்துக்கள் இருந்தன என்று எண்ணிச் சொல்லிவிடலாம். வெண்பா ஒன்றில் ஒரு சீர் செல்லரித்துப் போனால், தளையும் எதுகையுங் கொண்டு நாம் அதன் அளவை அறிவதில்லையா? அதனை ஒப்பதே இதுவும். அளவு தெரிந்தபின், அதே காலத்து வேறு சாசனங்களில் இவ்வாறு தொடங்கும் வாசகம் எங்ஙனம் முடிகின்றது என்று தேடவேண்டும். இத்தேட்டத்திற்கு நினைவாற்றல் வேண்டும், ஆண்டுகள் வேண்டும், பெரிய நூல்நிலையமும் வேண்டும். திருமறையில் அத்தேனே என வழங்கும் அந்நகரிற்றான் பவுலடியார் ஒரு பலிபீடத்தின் எழுத்தைப் படித்து, அதனையே தம் சொற்பொழிவிற்குத் தோற்றுவாயாகக் கொண்டனர். அவ்வெழுத்தில் ஒரு சொல் உடைந்திருப்பின் அப்பேச்சு எங்குத் தொடங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு, ஒரு சொல்லின் சிதைவு எவ்வளவிற்று என்பது விளங்கும்.

இப்பணிக்கென டீப்மைண்ட் என்னும் நிறுவனத்தாரும் வெனிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, ஏதென்ஸ் நகரங்களின் பல்கலைக்கழக அறிஞரும் கூடி ஆக்கிய பொறியறிவிற்கு ‘இதாக்கா’ என்று பெயர். அலைகடலில் அலைந்த ஒடிசியூஸ் திரும்பிச் சேர்ந்த தீவின் பெயர் அது. யானிஸ் அசாயெல் என்பாரும் தேயா சொம்மர்ஷீல்ட் என்பாரும் முதல்வராய் நின்று எழுதிய அதன் ஆராய்ச்சியுரை 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பாக்கார்டு மானிடக்கலை நிறுவனத்தார் நெடுங்காலம் உழைத்துக் கணிப்பொறியில் ஏற்றிவைத்திருந்த கிரேக்கச் சாசனத் தொகுதியே அதற்குப் பாடப்புத்தகம். அத்தொகுதியினின்று செப்பஞ்செய்து எடுத்த 78,608 சாசனங்கள் அதற்குப் புகட்டப்பட்டன. பொறி அவற்றில் எழுத்தையும் சொல்லையும் ஒருங்கே நோக்கி, இன்ன எழுத்தின்பின் இன்னது வருதல் இயல்பு என்னும் பழக்கத்தைத் தன்னுட் படியவைத்துக்கொள்கின்றது. பின்னர்ச் சிதைந்த சாசனம் ஒன்றைக் காட்டினால், விடுபட்ட இடத்திற்குப் பொருந்தும் பாடங்களை வரிசையாகத் தருகின்றது. இன்ன நாட்டுப்பகுதியிற் பிறந்தது, இன்ன காலத்தது என்று அதன் ஊரையும் ஆண்டையுங்கூட உரைக்கின்றது.

இங்கே யாம் மிகவும் மெச்சுவது ஒன்றுண்டு. இதனை ஆக்கியோர், ‘இதுவே விடை’ என்று ஒரேயொரு பாடத்தைப் பொறி சொல்லும்படி விட்டிலர். ஒரு சிதைவிற்கு இருபது பாடங்களை, ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பத்தக்கது என்னும் அளவோடு அது முன்வைக்கின்றது. காலத்தைக் கூறும்போதும் ஓர் ஆண்டைத் துணிந்து கூறாமல், இன்ன பத்தாண்டிற்கு இவ்வளவு, அடுத்த பத்தாண்டிற்கு இவ்வளவு என்று பகுத்துக் காட்டுகின்றது. எந்த எழுத்துக்களைப் பற்றுக்கோடாகக் கொண்டு அங்ஙனங் கூறியது என்பதையும் நிறமிட்டுக் காட்டுகின்றது. கூடி வேலைசெய்வோன் ஒருவனிடம் நாம் வேண்டுவது இதுதானே? ‘எனக்குத் தோன்றுவன இவை, இதனாற் றோன்றுகின்றன, தெரிந்தெடுத்தல் உம் பொறுப்பு’ என்பவனோடு ஒத்து உழைக்கலாம். காரணங் கூறாது விடைமட்டுங் கூறுவோன் எத்துணை வல்லவனாயினும் அவனோடு கூடி உழைத்தல் இயலாது. அவனுக்குப் பின்னே செல்லுதலே இயலும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். முழுமையாய் உள்ள சாசனங்களிற் சில எழுத்துக்களை வேண்டுமென்றே மறைத்து, அவற்றை நிரப்புமாறு தேர்வு வைத்தனர். கல்வெட்டுப் பயின்ற வரலாற்றறிஞர் தனித்து நிரப்பியபோது நூற்றுக்கு 25 அளவே சரியாயின. பொறி தனித்து முதலிடத்தில் வைத்த பாடம் நூற்றுக்கு 62 அளவிற் சரியாயிற்று. அவ்வறிஞரே பொறியின் பட்டியலைக் கையிற்கொண்டு நிரப்பியபோது நூற்றுக்கு 72 ஆயிற்று.

இவ்வெண்களைக் கண்டோர் பலரும் 25 எங்கே, 62 எங்கே என்று வியந்து அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். யாம் வியப்பது 72 என்னும் எண்ணையே. தேர்வில் 25 வாங்கிய மாணவனை 62 வாங்கிய மாணவனோடு சேர்த்து உட்காரவைத்தால், 62-ற்குக் கீழே இறங்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர், இங்கோ ஏறியிருக்கின்றது. காரணம் யாது? பொறி தந்த இருபது பாடங்களுள் யாதானும் ஓரிடத்தில் உண்மைப்பாடம் கிடந்தது ஏறக்குறைய நூற்றுக்கு 78 இடங்களில். அதாவது, உண்மையைப் பொறி கண்டும் அதனை இரண்டாவதாகவோ ஏழாவதாகவோ வைத்துவிட்ட இடங்கள் சில இருந்தன. அவ்விடங்களில், ‘இஃது இலக்கணத்திற்குப் பொருந்தினும் இவ்வூர் வழக்கிற்குப் பொருந்தாது’ என்று முதற்பாடத்தை நீக்கிப் பின்னின்ற பாடத்தை எடுக்க மனிதர்க்குத் தெரிந்திருக்கின்றது. எழுபத்தெண்ணாயிரஞ் சாசனங்களை ஒருங்கே நினைவில் வைத்தல் மனிதர்க்கு அரிது. ஆனால் முன்னே வைக்கப்பட்ட இருபதனுள் எது தக்கது என அறிதல் கற்றவர்க்கு அத்துணை அரிதன்று. தேடுதல் வேறு, தெரிதல் வேறு. இவ்விரு தொழிலும் இருவரிடம் பிரிந்து சென்றமையாற்றான் அவ்வெண் உயர்ந்தது.

இதனைக் கொண்டு நம் மாணவ நண்பர் சிலர் கூறும் ஒரு கூற்றிற்கும் விடை காணலாம். ‘பொறியே படித்துத் தருமாயின், நாம் எழுத்தும் சொல்லும் வருந்திப் பயில்வானேன்?’ என்பது அவர் வினா. கிரேக்கம் பயிலாத ஒருவனை அப்பட்டியலின்முன் இருத்தினால் என்னாகும்? முதற்பாடத்தையே கண்ணைமூடி எடுப்பானாயின் 62 அளவில் நிற்பான். தன் விருப்பம்போல் வேறொன்றை எடுப்பானாயின் அதனினுங் கீழே இறங்குவான். மேலே ஏறிய அந்தப் பத்தும் பயின்றவர்க்கு உரியது. பயிற்சியை நாம் கைவிட்ட அன்றே அந்தப் பத்து நம்மை விட்டுப்போம். அதன்பின், பொறி தவறிய இடம் இது என்று காட்டுதற்கும் ஆள் இரார்.

மேற்கூறிய தேர்வில் விடை முன்னரே தெரியும் என்பதையும் மறத்தலாகாது. உண்மையில் உடைந்த கல்லிற்கு விடைத்தாள் இல்லை. ஆகவே, உடைந்த கல் ஒன்றைப்பற்றிய உண்மை வழக்கு ஒன்றையும் காண்போம்.

ஏதென்ஸ் மாநகரம் தனக்கு அடங்கிய நகரங்களிற் கப்பம் தண்டியமுறை பற்றியும், நாணயம் அளவை முதலியன பற்றியும் பிறப்பித்த ஆணைகள் சில சாசனங்களாய்க் கிடைத்துள்ளன. கடுமை மிக்க ஆணைகள் அவை. அவற்றுள் ஆண்டு அழிந்துபோனவை பல. ‘சிக்மா’ என்னும் எழுத்தை மூன்று கோடுகளால் எழுதும் பழைய வடிவம் கி.மு. 446-ஐ ஒட்டி வழக்கொழிந்தது என்று அறிஞர் நெடுங்காலம் கருதிவந்தனர். அவ்வடிவம் காணப்பட்ட சாசனமெல்லாம் அவ்வாண்டிற்கு முற்பட்டது என்பது துணிபு. 1961-இல் ஹெரால்டு மாட்டிங்லி என்பார் இத்துணிபை எதிர்த்து எழுதத் தொடங்கினர். பல்லாண்டுகள் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. இவ்வழக்கின் திறவுகோலாக நின்றது சிசிலித் தீவின் எகெஸ்தா நகரோடு ஏதென்ஸ் செய்துகொண்ட உடன்படிக்கைச் சாசனம். ஏதென்ஸ் மக்கள் ஆண்டைக் குறித்தது அவ்வாண்டு ஆர்க்கோனாய் இருந்தவன் பெயரால். அக்கல்லில் அப்பெயரின் இறுதியிலுள்ள ‘ஒன்’ என்னும் இரண்டெழுத்து மட்டுமே ஐயமின்றித் தெரிந்தன. ஹாப்ரோன் என்று நிரப்பினால் ஆண்டு கி.மு. 458, அந்திபோன் என்று நிரப்பினால் கி.மு. 418. ஒரு பெயரின் தலையெழுத்துக்கள் தேய்ந்தமையால் நாற்பதாண்டு ஊசலாடிற்று! 1990-இல் சேம்பர்ஸ் முதலிய மூவர் அக்கல்லில் லேசர்க் கதிரைச் செலுத்திப் படமெடுத்து, அப்படத்தைக் கணிப்பொறியால் தெளிவித்து, அந்திபோன் என்றே படித்தனர். சிலர் உடனே மறுத்தனர். பின்னர்ப் பெரும்பாலார் ஏற்றனர். மூன்று கோட்டுச் சிக்மா கி.மு. 418-லும் வழங்கியது என்று ஏற்பட்டபின் பழைய துணிபு ஆட்டங்கண்டது.

பல்லாண்டு கழித்து இதாக்காவிடம் இவ்வாணைகள் காட்டப்பட்டன. கல்லெழுத்தின் வடிவம் அதற்குத் தெரியாது. கோடு மூன்றோ நான்கோ என்பதை அது கண்டதேயில்லை. வாசகத்தின் போக்கை மட்டுங்கொண்டு அது கூறிய காலம் சராசரியாகக் கி.மு. 421. இது சிறிய வேறுபாடு அன்று. கி.மு. 446-ற்கு முன்னாயின் அவ்வாணைகள் பெரிக்ளீஸ் என்னும் பெருமகன் ஓங்கியிருந்த காலத்தன. ஏதென்ஸ் தன் தோழரை அடிமைப்படுத்தத் தொடங்கியது அமைதிக்காலத்திலேயே என்றாகும். கி.மு. 421-ஐ ஒட்டியனவாயின், கி.மு. 429-இல் அவன் இறந்தபின், ஸ்பார்ட்டாவோடு நிகழ்ந்த பெரும்போரின் நெருக்கடியிற் பிறந்தனவாகும். ஒரு மனிதன் புகழும் ஒரு நகரத்தின் பழியும் அந்த இருபத்தைந்தாண்டில் தொங்குகின்றன. எழுத்து வடிவை நோக்கிய கண்ணும், லேசர்க் கதிரும், சொற்போக்கை எண்ணிய பொறியும் வெவ்வேறு வழியாய் வந்து ஒரே பக்கத்திற் சேர்ந்தமையாற்றான் அம்முடிபு வலியுடைத்தாயிற்று. பொறி ஒன்றே கூறியிருப்பின் யாம் இவ்வளவு நம்பமாட்டோம். அதன் அறிவு மனிதர் குறித்துவைத்த ஆண்டுகளைப் பார்த்துப் பெற்ற அறிவே. ஆசிரியன் பிழையை மாணவன் ஏந்திச் செல்வதுபோல நம் பிழையையே அது நமக்குத் திருப்பித் தருதலும் கூடும்.

இவ்விடத்தே ஓர் அச்சத்தைக் கூறாமலிருத்தல் இயலாது. 1931-இல் லைடன் நகரிற் கூடிய அறிஞர், சாசனங்களைப் பதிப்பிக்கும்போது வழங்கவேண்டிய குறிகளை வகுத்தனர். கல்லில் இல்லாததைப் பதிப்பாசிரியர் நிரப்பினால் சதுர அடைப்பினுள் இடவேண்டும். ஐயத்திற்குரிய எழுத்தின்கீழ்ப் புள்ளி இடவேண்டும். நல்ல ஏற்பாடே. ஆயினும் நடப்பது யாது? ஒருவர் அடைப்பினுள் நிரப்பியதை அடுத்தவர் மேற்கோளாக எடுக்கின்றனர். மூன்றாமவர் எழுதும் வரலாற்றில் அடைப்பு மறைந்து சொல் மட்டும் நிற்கின்றது. சதுர அடைப்பினின்று வரலாறு எழுதுங் கேட்டைக் குறித்து ஏர்ன்ஸ்ட் பாடியன் என்னும் அறிஞர் 1989-இல் ஒரு கட்டுரையே வரைந்தனர். மனிதர் நிரப்பியபோதே இக்கேடு உண்டாயின், நொடிக்குள் இருபது பாடம் தரும் பொறி வந்தபின் எவ்வளவு பெருகும்! பொறி நிரப்பியது, மனிதர் நிரப்பியது, பொறி தந்தவற்றுள் மனிதர் தெரிந்தெடுத்தது என மூன்றற்கும் மூன்று வேறு குறி வேண்டும் என்பது எம் கருத்து. அச்சுக்கோப்போர் முனிவர், அதுபற்றி விட்டுவிடலாகாது.

பொறிக்கு மொழி தெரிந்திருத்தல் நன்றோ தெரியாதிருத்தல் நன்றோ என்னும் வினாவும் இதனோடு தொடர்புடையது. கி.பி. 79-இல் வெசூவியஸ் மலை தீக்கக்கியபோது ஹெர்க்குலேனியம் நகரத்து மாளிகை ஒன்றிலிருந்த பாப்பிரஸ் சுருள்கள் கரிந்து கரிக்கட்டைபோலாயின. விரித்தால் உதிரும். கென்டக்கிப் பல்கலைக்கழகத்துப் பிரெண்ட் சீல்ஸ் என்பார் அவற்றை விரியாமலே எக்ஸ்கதிரால் உள்ளும் புறமும் படமெடுக்கும் வழியை வகுத்தனர். ஆயின் தாளும் கரி, மையும் கரி. படத்தில் மை வேறாகத் தோன்றவில்லை. 2023-இல் இதனைப் போட்டியாக உலகிற்கு அறிவித்தனர். கேசி ஹான்ட்மர் என்பவர் படங்களைக் கண்வலிக்க நோக்கியிருந்து, சேறு காய்ந்து வெடித்தாற்போன்ற ஒரு நுண்ணிய கோலம் மை இருந்த இடத்திற் காணப்படுவதைக் கண்டறிந்தனர். இருபத்தோராண்டு நிரம்பிய லூக் ஃபாரிட்டர் என்னும் கல்லூரி மாணவர் அக்கோலத்தைப் பொறிக்குக் கற்பித்தனர். ஒரு முழுச்சொல் வெளிவந்தது. ‘போர்பிராஸ்’ என்பது அச்சொல். நம் திருமறை மொழிபெயர்ப்பில் இரத்தாம்பரம் என வழங்கும் அந்த நிறத்தைப் பற்றியது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவரும் யூசெப் நாதர், ஜூலியன் ஷில்லிகர் என்பாரும் சேர்ந்து பதினைந்து பத்திகளில் ஈராயிரத்திற்கு மேற்பட்ட எழுத்துக்களை வெளிப்படுத்தி ஏழு லட்சம் டாலர் பரிசு பெற்றனர்.

இவ்வேலையிற் பொறிக்குக் கிரேக்கம் ஓரெழுத்துந் தெரியாது. ஓர் எழுத்தின் முழுவடிவமும் அடங்காத சிறுசிறு துண்டங்களாகவே படம் அதற்குக் காட்டப்பட்டது. இத்துண்டத்தில் மை உண்டா இல்லையா என்பதே அதனிடங் கேட்ட வினா. எழுத்தை அறிந்திருந்தால் இல்லாத எழுத்தையும் இருப்பதாகக் காணத்தொடங்கும் என்று அஞ்சியே அங்ஙனஞ் செய்தனர். துண்டங்களை ஒட்டிவைத்தபோது அவை கிரேக்க எழுத்துக்களாய் அமைந்தமையே உண்மைக்குச் சான்றாயிற்று. அதன்பின் படித்தவர் பாப்பிரஸ் அறிஞர். இன்பம், இசை, உணவு என்பவற்றைப்பற்றி எபிக்யூரஸ் நெறியினர் ஒருவர், பெரும்பாலும் பிலோடீமஸ், எழுதிய நூல் அது என்று கூறினர். சான்று கூற வருவோன் வழக்கின் கதை அறியாதிருத்தல் நன்று. ஆராய்ந்து உரைக்க வருவோனோ அனைத்தும் அறிந்திருத்தல் வேண்டும். எவ்வேலைக்கு எவ்வளவு அறிவோடு பொறியை அமர்த்துவது என்பதை வகுப்பதே அதனோடு கூடி உழைப்பவர்க்கு முதற்கடமையென அறிகின்றோம்.

2025-இல் இலத்தீன் சாசனங்களுக்கென ‘ஈனியாஸ்’ என்னும் பொறியறிவு வந்தது. அது நிரப்புதலோடு நில்லாமல், ஒத்த சாசனங்களைத் தேடியெடுத்து முன்வைக்கின்றது. இருபத்துமூன்று அறிஞர் அதனோடு வேலைசெய்து பார்த்தனர். பத்திற்கு ஒன்பது இடங்களில் அது காட்டிய ஒப்புமைகள் ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாயின. நிரப்பிய சொல்லினும் இவ்வொப்புமைகளே பயனுடையன என்பது எம் துணிபு. சொல்லை ஏற்கலாம் அன்றித் தள்ளலாம், அவ்வளவே; ஒப்புமையையோ நாமே படித்து நம் அறிவால் நிறுக்கலாம்.

நம் மொழிக்கு இது வருங்கால் நிகழ்வது யாது? புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுக்கள் இறந்துபட்டன; அடி சிதைந்த பாட்டுக்களும் உள. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த சாமிநாதையரவர்கள் சங்கச்செய்யுளின் நடையில் ஊறியவர். விடுபட்ட அடியை ஓசை குன்றாமல் இயற்றிவைக்க அவர்களுக்குப் புலமையில்லாமலில்லை. ஆயினும் புள்ளியிட்டே விட்டனர். இன்று ஒரு பொறியிடம் அவ்விடத்தைக் காட்டினால், அகவல்போல் ஒலிக்கும் அடிகளைத் தயங்காது தரும். அவை நன்றாயிருத்தல் கூடும், நன்றாயிருப்பதே இடர். ஒளவையார் வாக்கோ அன்றோ எனத் தெரியாத நான்கடி பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் பின்னர் யார் இறக்குவர்?

கல்லெழுத்தில் இடர் வேறுவகையது. ஹுல்ட்ஸ் என்பார் 1890-இல் முதற்றொகுதி வெளியிட்டது முதலாகத் தென்னிந்தியச் சாசனங்கள் தொகுதி தொகுதியாய் அச்சேறிவந்துள்ளன. அவற்றைப் பொறிக்குப் புகட்டுவோர், அச்சிட்ட பாடத்தை மட்டும் புகட்டினால் பதிப்பாசிரியரின் துணிபையும் கல்லின் சொல்லாகவே அது கொள்ளும். நம் பழஞ்சாசனங்களில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுதல் அரிது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடா. கல்லில் உள்ள ஒரே வடிவத்தை ‘கொள்’ என்றும் ‘கோள்’ என்றும் படிக்கலாம்; எது என்பதை இடம் நோக்கிப் பதிப்பாசிரியர் முடிவுசெய்து அச்சிட்டிருப்பர். ஆதலின் புகட்டுமுன், கல்லில் உள்ளவாறு ஒரு வரியும் பதிப்பாசிரியர் படித்தவாறு ஒரு வரியுமாக இரண்டு வரிகள் எழுதவேண்டியிருக்கும். மைப்படியைப் பார்த்து முதல்வரியை எழுத வல்லவர் எத்தனைபேர் நம் கல்லூரிகளினின்று வெளிவருவர் என்பதே அப்போது எழும் வினா.